யாருக்கு அடிக்கிறாங்க?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சாவு மேளம் பதிவு செய்துவரப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏன், திருச்சில யாரும் சாகறதில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. அதாவது காலை வணக்கத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவள், அதிகாரி யாராவது வந்தால் வரவேற்புப் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவள், கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்பையும் மேய்ப்பவள். நாற்பது வயதுக்கு மேல் முதுகலை இசை படிக்கச் சேர்ந்தேன். என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு என் மகள் வயது. அவர்கள் ஆய்வேட்டுக்கு ஆளுக்கொரு ராகம் எடுத்துக்கொண்டார்கள். நான் சாவு அடியை எடுத்தேன்.

துறையூர்ப் பக்கத்தில் பிறந்தவள் நான். பிணம் இன்னும் வீட்டில் கிடக்கிறதா, பாடை ஏறிவிட்டதா, சுடுகாட்டை நெருங்கிவிட்டதா என்பதைத் தப்புச் சத்தத்தை வைத்தே எங்கள் தெருவில் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் பல தலைமுறைக்கு முன்னால் கப்பலேறித் தேயிலை போடப் போனபோது அந்தத் தப்பையும் கொண்டுபோனார்கள். போன இடத்தில் அடி அப்படியே இருக்கிறதா, மாறிவிட்டதா? என் கேள்வி இவ்வளவுதான்.

"ஒண்ணுன்னு சொல்லணும்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டணும்மா. ஒரு கை தட்டினா ஓசை வராது," என்றார் என் நெறியாளர். துறையூர் அடி என் போனில் இருந்தது. ஒரு துக்க வீட்டில் அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பதிவு செய்தது. மலையக அடி கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயம் இல்லை; அது இல்லாவிட்டால் ஆய்வேடே இல்லை. காலநீட்டிப்பு ஏற்கெனவே ஒரு முறை வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கிடைத்த விடுப்பு ஒரு வாரம்.

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியபோது நல்ல வெயில். நாவலப்பிட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவித்த கடலை விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். கடலை சுருட்டித் தந்த காகிதம் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாள். பாதிக்கு மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அந்தப் பிள்ளை வீட்டில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டதோ என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தமிழில் சொன்னார்: "தனியாவா வந்தீங்கன்னு கேக்குறாங்க."

"ஆமா, தனியாத்தான்."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அந்த அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னார். "பாவம்ங்கிறாங்க," என்றார் எதிரே இருந்தவர். வந்த காரியத்தையும் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அதே மனிதர்தான் சற்று நேரம் கழித்து, "அட்டன் அடுத்ததுங்க, சாமான எடுத்து வச்சிக்கிருங்க," என்றார். ரயில் நின்றது. பனியில் பலகை தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அடுத்தது என்றால் அதற்கும் அடுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நின்ற இடம் றொசல்ல. கொடி பிடித்திருந்தவரிடம், "இது ஹட்டன்தானே?" என்று கேட்டேன். அவர் நகர்ந்துகொண்டிருந்த ரயிலைக் காட்டி, "அட்டன் போயிட்டு இருக்கு," என்றார். சிரிக்கவே இல்லை. மேலே ரோட்டுக்கு ஏறினால் பஸ் வரும் என்று வழி மட்டும் காட்டினார். ஏறினேன். செருப்புக்குள் அட்டை ஏறியிருந்ததை ஹட்டன் வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஹட்டனில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல், வடை, பனிஸ் எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் இலையில் வைத்ததை மிச்சம் வைத்தால் கோபித்துக்கொள்வார்கள். நானும் மானத்தோடு தின்றுகொண்டே போனேன். ஐந்தாவதில் கடைக்காரர் பக்கத்தில் வந்து, "வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கலாம்ங்க. மிச்சம் அடுத்த ஆளுக்கு," என்று மெதுவாகச் சொன்னார். பொகவந்தலாவை பஸ்ஸில் அந்தத் தீனி முழுவதும் வளைவுக்கு வளைவு தொண்டைக்கு வந்து போனது. துறையூரிலிருந்து பச்சமலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் நான். இங்கே நோர்வூட் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் செல்வம் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் ஓட்டோ ஓட்டுகிறார். திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் அவருடைய தப்புக் குழு போகிறது. அவருடைய ஊர்த் திருவிழா வீடியோவைப் பார்த்துத்தான் நான் தொடர்பு கொண்டிருந்தேன். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே பேச்சை முடித்துவிட்டார்.

"டீச்சர், முன்னாடியே சொல்லிர்றேன். சாமி அடி, கல்யாண அடி, காமன் கூத்து அடி, எது கேட்டாலும் அடிச்சிக் காட்றோம். சாவு அடி மட்டும் சும்மா அடிக்க மாட்டோம்."

"பதிவுக்குத்தானே. ரெண்டு நிமிஷம் போதும்."

"ஆளில்லாம அடிச்சா அது ஆளத் தேடும்ன்னு சொல்லுவாங்க. அத விடுங்க, நான் அவ்வளவு நம்புறதில்ல. இங்க மேல சிக்னல் கெடையாதுங்க. மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களுக்குத் தப்புதான் போன். சாவு அடி கேட்டா மலை நின்னுரும். எல்லாரும் எறங்கிருவாங்க."

மலை என்றால் இங்கே வேலை செய்யும் தேயிலைக் காடு. மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது.

"அப்ப எப்பத்தான் அடிப்பீங்க?" என்று கேட்டேன். எவ்வளவு அபத்தமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அதுக்கு ஆள் வேணும்ங்க டீச்சர்," என்றார். பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நாங்க தப்பு அடிப்போம், தப்பா அடிக்க மாட்டோம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தங்கியது பிலோமினா டீச்சர் வீட்டில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியைக்கு ஒன்றுவிட்ட அக்கா. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவோடு இன்னோர் அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாசல் தாழ்வாரத்துக்குத்தான் அந்தப் பெயர். தலைக்கு மேல் தகரம். மழை பெய்தால் பேசுவது கேட்காது, ஆகவே பெரும்பாலும் நாங்கள் பேசவில்லை. ராத்திரிக்குத் தேங்காய்ப்பூ போட்ட கோதுமை ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் சம்பலும். பாலில்லாத வெறுந்தேயிலையோடு, நக்கிக்கொண்டே குடிக்கச் சீனியை உள்ளங்கையில் வைத்துத் தந்தார். நான் அதைக் கோப்பையில் கொட்டிக் கலக்கியதைப் பார்த்து அவருக்கு வருத்தம்.

பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ராமையாண்ணே," என்றார் பிலோமினா டீச்சர். "ஆஸ்பத்திரியில, இனி வீட்டுலயே வச்சிப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. மக புஷ்பந்தான் பாக்குது. பாவம், மலைக்கும் போவணும், அப்பாவையும் பாக்கணும்."

"ரொம்ப முடியலையா?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னுதான் சொல்றாங்க."

அந்த நிமிஷம் என் மனதில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. என் விடுப்பு சனிக்கிழமையோடு முடிகிறது என்று ஓடியது.

மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் சேரும் நேரத்தில் புஷ்பத்தைப் பார்த்தேன். என்னைவிடச் சில வயது இளையவள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"அப்பிடியேதாங்க்கா இருக்காரு. கேட்டீங்களே, அதுவே பெருசு," என்றாள்.

அன்று செல்வம் குழு எனக்காகக் கோயில் முன்னால் நின்று திருவிழா அடிகளை வாசித்தது. அருமையான வாசிப்பு. எல்லாவற்றையும் பதிவு செய்தேன். சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் ஏறி என் நெறியாளருக்கு அனுப்பியதில் ஒரே ஒரு பதில் வந்தது: "நல்லது. சாவு?"

அதற்கடுத்த நாளும் காலையில் புஷ்பத்திடம் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். புஷ்பம் நன்றியோடு பதில் சொல்லிவிட்டு மலைக்குப் போவாள். ஒரு நாள் எனக்கென்று நாலு பேரிக்காயைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்தாள். "இந்தியாவுல இருந்து வந்த அக்கா தெனமும் அப்பாவ விசாரிக்கிறாங்கன்னு மலையில சொன்னேன். சொந்தக்காரங்களே இப்பிடிக் கேக்குறதில்லன்னாங்க," என்றாள். அந்தப் பேரிக்காய் எனக்கு இறங்கவில்லை.

என்னை உள்ளே கூட்டிப் போய் அவரைக் காட்டினாள். கதவை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தார். கம்பளிக்குள் ஆளே இல்லாததுபோல இருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"எந்தூரு?"

"துறையூர்ப் பக்கம்ங்க ஐயா. திருச்சி."

"அங்க மழையா?"

"இல்லீங்க, வெயில்."

"வெயிலு," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"பாட்டு படிக்கிறேன்," என்று சொன்னேன். அது பொய்யல்ல. "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரவில் சுவருக்கு அப்பால் இருமல் கேட்கும். அது நிற்கும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மறுபடி இருமல் வந்தால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடியிலேயே ஓர் ஏமாற்றம். படிப்பு இப்படியும் ஒரு மனுஷியை ஆக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சேர்ந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

பிலோமினா டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரொட்டி சுட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "ஒங்க லீவு எப்ப முடியுதுங்க டீச்சர்?"

"சனிக்கிழமை."

"அவரு அதுக்குள்ள போறாப்பல தெரியலைங்க."

எனக்கு முகம் சுட்டது. அவர் ரொட்டியைப் புரட்டிப் போட்டார். "தப்பாச் சொல்லலைங்க. நான் சர்ச்சுக்குப் போறவ, எங்களுக்கு மணி அடிப்பாங்க, அவங்களுக்குத் தப்பு. எதுவா இருந்தாலும் அடிக்கிற நேரத்த நம்மளா குறிக்கிறது? காத்திருக்காதீங்க. அந்தப் புள்ள வெள்ளந்தி," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஓயாத மழை. மறுநாள் நான் கிளம்ப வேண்டும். மத்தியானத்துக்கு மேல் செல்வம் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"டீச்சர், எனக்கு ஒரு ரோசன. நான் அடிக்கக் கூடாது, சரி. கேக்கக் கூடாதுன்னு இல்லையே? ஒங்க ஊரு அடியப் போடுங்க. ஒண்ணா வேறயான்னு நான் சொல்றேன். நீங்க எழுதிக்கிருங்க."

இது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. போனில் போட்டேன். தகரத்தில் மழை கொட்டிய இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. செல்வம் போனைக் காதோடு வைத்துப் பார்த்தார். கொசு கத்துவதுபோல இருக்கிறது என்றார். பிலோமினா டீச்சர் ஜெபக்கூட்டத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் உள்ளே இருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. நானே எடுத்துவந்து போனோடு இணைத்தேன். அதுவும் மழையில் அமுங்கியது. திருகி, இன்னும் கொஞ்சம் திருகி, கடைசிவரை திருகினேன். அப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் சரியான அளவில்தான் கேட்டது.

செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. முதலில் அடியின் பின்னாலேயே போனார். பிறகு கூடவே போனார். பிணத்தை எடுக்கும் இடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு திருப்பம் உண்டு. மூன்று அடி, மூச்சு வாங்குவதுபோல் ஒரு நிறுத்தம், பிறகு வேகம். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவர் விரல்கள் நின்றன. அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரில் அடி நின்றது. இரண்டும் சேர்ந்து கிளம்பின.

இந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான். கடல் தாண்டி, தலைமுறை தாண்டி, நிறுத்தம்கூட மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அத்தியாயத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். மழை நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

செல்வம்தான் திடுக்கிட்டுக் கண் திறந்தார். தகரத்தில் சத்தமே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க எங்கள் ஊர்த் தப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து ஸ்பீக்கரைப் பிடுங்கி அணைத்தார். அணைத்த பிறகும் எதிர் மலையிலிருந்து ஓர் அடி திரும்பி வந்தது.

லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒரு வயதான ஆள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ராமையாவின் வாசலைப் பார்த்து நடந்தார். மேலே மலையில், தேயிலைக்கு நடுவே தெரிந்த பிளாஸ்டிக் தலைகள் எல்லாம் அப்படியே நின்றன. அதில் ஒன்று மட்டும் பிரிந்து கீழே வந்தது.

புஷ்பம் பாதையில் வரவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து நேராக இறங்கினாள். கொழுந்துக் கூடை எங்கே போனதென்று தெரியவில்லை. இடுப்புப் படங்கு பாதி அவிழ்ந்து காலைத் தட்டியது. "என்ன விட்டுட்டுப் போயிட்டியேப்பா," என்று அழுதுகொண்டே எங்களைத் தாண்டி ஓடினாள். எங்களை அவள் பார்க்கவே இல்லை.

உள்ளே அழுகை ஒரு முழுச் சுற்று வந்து, பாதியில் அறுந்தது. பிறகு ராமையாவின் குரல் கேட்டது.

"ஏம்மா, யாருக்கு அடிக்கிறாங்க?"

வெளியே கூடியிருந்த பெண்களில் ஒருத்தி அவிழ்த்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"யாருக்கும் இல்லப்பா," என்றாள் புஷ்பம். அவள் குரலைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு பாடுபட்டாள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "டீச்சரு வீட்டுல படம் ஓடுது. படத்துல அடிக்கிறாங்க."

"படத்துலயா? நல்லா அடிக்கிறாங்களே," என்றார். பிறகு இருமினார்.

அவள் வெளியே வந்தாள். முழங்காலில் ரத்தம். இஸ்தோப்பில் என் காலடியில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். "இதுலயாக்கா அடிச்சிச்சு?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். செல்வம், "நான்தான் போடச் சொன்னேன் புஷ்பம், என்மேலதான் தப்பு," என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏதோ கணக்குக் கூட்டுவதுபோலப் பார்த்துவிட்டு, படங்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அதற்குள் மலை முழுவதும் இறங்கியிருந்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, யார் செத்தது என்று கேட்டார். யாரும் என் பக்கம் கை காட்டவில்லை. "யாரும் இல்லைங்க, படச் சத்தம்," என்றார் துண்டு போட்ட பெரியவர். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவர்கள் எல்லோருக்கும் அரைப்பேர்தான் விழும் என்று பிலோமினா டீச்சர் பிறகு சொன்னார். அரை நாள் வேலைக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஸ்பீக்கரைத் துடைத்து உள்ளே வைத்தார். என்னைத் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவும் மறக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் நெறியாளருக்குப் போன் போட்டேன். "ஒண்ணுதான் சார். நிறுத்தம்கூட ஒண்ணுதான்," என்றேன்.

"அப்படியா? சந்தோஷம். சான்று என்ன?"

ஒருத்தி மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள் என்று சொல்லலாம். துறையூர் அடியைக் கேட்டு, அது தன் அப்பாவுக்குத்தான் என்று சந்தேகமில்லாமல் அழுதாள் என்று சொல்லலாம். இதைவிடப் பெரிய சான்று யாரிடம் இருக்கிறது? ஆனால் இதை அடிக்குறிப்பில் எப்படி எழுதுவது?

"பதிவு கிடைக்கலை சார்," என்றேன்.

"அப்ப எப்படிம்மா?" என்றார்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினேன். பெரட்டுக்குப் போகும் பெண்கள் பாதையில் எதிரே வந்தார்கள். செல்வத்தின் ஓட்டோவுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்க எனக்கு வாயில்லை. ஓட்டோ கிளம்பும் நேரத்தில் புஷ்பம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாங்க்கா, இன்னைக்கி அப்பாவ விசாரிக்கவே இல்லையே?"

வெள்ளந்தியாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "எப்படி இருக்கார் புஷ்பம்?" என்று கேட்டேன். அந்த ஒரு முறைதான், நல்லா இருக்கார் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்தப் பதிலும் வேண்டியிருக்கவில்லை.

"நல்லா இருக்காரு. ராத்திரி சோறு கேட்டுச் சாப்பிட்டாரு," என்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

திரும்பும் ரயிலிலும் கடலை விற்றுக்கொண்டு வந்தார்கள். நான் வாங்கவில்லை.

திருச்சிக்கு வந்து சில வாரம் ஆனது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை. அப்போது ஒரு நாள் மத்தியானம் செல்வத்திடமிருந்து போனில் ஒரு நீண்ட பதிவு வந்தது. அதற்குக் கீழே அவர் பேசிய சின்னப் பதிவு ஒன்று. அதை முதலில் கேட்டேன்.

"டீச்சர், செல்வம் பேசுறேங்க. ராமையாண்ணே முந்தாநேத்துத் தவறிட்டாரு. நாங்கதான் அடிச்சோம். அடிக்கிறதுக்கு முன்னாடி புஷ்பம் என்னையக் கூப்பிட்டுச்சு. 'அந்த அக்கா இதுக்குத்தான வந்து தெனமும் விசாரிச்சிக்கிட்டு கெடந்தாங்க. முழுசா ரெக்காட் பண்ணி அவங்களுக்கு அனுப்பி விடுங்க'ன்னு சொல்லிச்சு. அனுப்பியிருக்கேன். நடுவுல அது அழுவுற சத்தம் வருதுங்க. வேணாம்னா வெட்டிக்கிருங்க."

எங்கள் தெருவில் யாரும் ஓடிவரப் போவதில்லை. இருந்தாலும் கதவைச் சாத்தி, காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். அதே அடி. மூன்று அடி, நிறுத்தம், பிறகு வேகம். அந்த நிறுத்தத்தில்தான் புஷ்பத்தின் குரல் வந்தது. "என்ன விட்டுட்டுப் போயிட்டியேப்பா." அன்று தேயிலைக்குள் ஓடிவந்தபோது சொன்ன அதே சொல்.

என் கணவர் சாப்பிட வந்தவர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு?" என்று கேட்டார்.

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்," என்றேன்.